ஐடில்ல குலுக்கல், காலையில வெள்ளைப் புகை, லோடுல கரும்புகை: பம்பை இறக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க தம்பி

தம்பி, நீங்க கேட்டத முதல்ல ஒருதரம் திருப்பிச் சொல்லிடறேன், சரியா புரிஞ்சுக்கிட்டனான்னு பாருங்க. 2009 மாடல் பத்து வீல் டிப்பர், ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின், டீசல் அடிக்கறதுக்கு பழைய இன்லைன் பம்ப். செங்கல்பட்டு பக்கம் குவாரில எம்-சாண்ட் ஏத்திட்டு வந்து சென்னை சிட்டிக்குள்ள இறக்கறீங்க. காலையில ஸ்டார்ட் பண்ணா பத்து நிமிஷத்துக்கு வெள்ளைப் புகை, கண்ணு எரியுது, கேபினே குலுங்குது. சூடானப்புறம் வெள்ளை நின்னுடுது, ஆனா ஐடில்ல (ஆக்ஸிலேட்டர மிதிக்காம சும்மா ஓடறப்ப) குலுக்கல் மட்டும் போகல, லோடோட பாலம் ஏறும்போது கரும்புகை தள்ளுது. ஒரு மெக்கானிக் பம்பையும் ஆறு நாசிலையும் (சிலிண்டருக்குள்ள டீசல தெளிக்கற மூக்கு) இறக்கணும்னாரு, இன்னொருத்தர் ரிங் (பிஸ்டன சுத்தி இருக்கற வளையம்) போயிடுச்சு இன்ஜினே செய்யணும்னாரு. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் சத்தம் கேட்டுட்டு சொன்னது.

ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ரெண்டுமே இருக்கலாம். ஆனா ரெண்டு பேருமே கேக்க வேண்டிய ஒரு கேள்விய கேக்கல. ஆறு சிலிண்டரும் சேர்ந்து சரியில்லையா, இல்ல ஒண்ணே ஒண்ணு படுத்துடுச்சா? இதுக்கு பதில் தெரியாம ஸ்பானர எடுக்கவே கூடாது. மாதவரத்துல 27 வருஷமா ஷெட் வச்சிருக்கேன், பம்ப் இறக்கியாச்சு, நாசில் மாத்தியாச்சு, இன்னும் குலுங்குதுன்னு என்கிட்ட வந்த வண்டில பாதிக்கு மேல இந்த ஒரு கேள்விய யாரும் கேக்காததாலதான் காசு போயிருக்கு.

அத காதாலயே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். ஐடில் 600 ஆர்பிஎம்னு வச்சுக்கோங்க, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும், அப்ப ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 5 தடவ, ஆறும் சேர்த்து 30 தடவ. எல்லாம் நல்லா இருந்தா சத்தம் ஒரே கோடா ஓடும். ஒண்ணு படுத்துடுச்சுன்னா சைலன்ஸர்கிட்ட நின்னு கேட்டா தப்-தப்-தப்னு ஒரே தாளத்துல ஒரு ஓட்டை விழும், நொடிக்கு அஞ்சு. அந்தத் தாளம் மாறவே மாறாது. அப்படி இல்லாம ஆர்பிஎம் ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சு வாங்கற மாதிரி போனா அது ஹன்டிங், டீசல் லைன்ல காத்து இருக்கா, இல்லன்னா கவர்னர் (ஆர்பிஎம்ம கட்டுப்படுத்தற பகுதி) பக்கம் பாக்கணும். ரெண்டுமே இல்ல, இன்ஜின் நல்லா ஓடுது ஆனா கேபின் மட்டும் ஆடுதுன்னா முதல்ல இன்ஜின் மவுண்டிங் ரப்பர பாருங்க, டிப்பர்ல அது சீக்கிரமே போகும், ரப்பர் கிழிஞ்சதுக்கு பம்ப் கேலிபரேஷன் பண்ண வண்டியும் நான் பாத்திருக்கேன்.

இப்ப புகை. எல்லாரும் நிறத்த மட்டும் கேக்கறாங்க, நான் எப்ப வருதுன்னு முதல்ல கேப்பேன். உங்க வெள்ளைப் புகை காலையில மட்டும் வருது, கண்ணு எரியுது, அப்ப அது தண்ணி ஆவி இல்ல, எரியாம வெளிய போற டீசல். ஆவின்னா சைலன்ஸர விட்டு வெளிய வந்ததும் கரைஞ்சு போகும், டீசல் புகை அப்படியே காத்துல தொங்கிட்டு நிக்கும். சந்தேகமா இருந்தா ஒரு வெள்ளைத் துணிய சைலன்ஸர் வாய்க்கு ஒரு அடி தள்ளி கம்புல கட்டிப் புடிங்க. தண்ணின்னா காஞ்சுடும், டீசல்னா வாசனை காட்டிக்கொடுக்கும், ஆயில்னா வழவழன்னு கறை நிக்கும். தண்ணியா இருந்து ரேடியேட்டர்லயும் தண்ணி குறைஞ்சுகிட்டே வந்தா ஹெட் கேஸ்கெட், அது வேற கதை. காலையில வண்டி குளிர்ந்து இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய தெறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, குபுகுபுன்னு குமிழி விட்டுக்கிட்டே இருந்தா அதேதான். சூடா இருக்கறப்ப அந்த மூடிய தொடாதீங்க.

சில பேரு "காலைக் குளிர்ல வெள்ளையா வரத்தான் செய்யும்"னு சமாதானம் சொல்லுவாங்க. தம்பி, நம்ம ஊர்ல மார்கழி காலையில கூட 20 டிகிரிக்கு ரொம்ப கீழ இறங்கறது அபூர்வம். இந்த ஊர் சூட்டுல நல்ல இன்ஜின் கொஞ்ச நேரத்துலயே சுத்தமாயிடணும். டீசல் இன்ஜின்ல பிளக் கிடையாது, காத்த அமுக்கி அமுக்கி 500 டிகிரிக்கு மேல சூடாக்கி அதுல டீசல பனி மாதிரி அடிச்சா தானா பத்திக்கும். பத்து நிமிஷம் வெள்ளைன்னா ஏதோ ஒரு சிலிண்டர்லயாவது அந்த சூடு போதல (கம்ப்ரஷன் குறை), இல்ல டீசல் பனியா விழாம சொட்டு சொட்டா விழுது (நாசில்), இல்ல லேட்டா விழுது (டைமிங்). இன்ஜின் சூடானதும் அந்தக் குறைய சூடு மூடிடுது, அதனாலதான் பத்து நிமிஷத்துல நிக்குது. நோய் போயிடல, மறைஞ்சுக்கிட்டு இருக்கு, அதான் குலுக்கல் மட்டும் தொடருது.

சரி, எந்த சிலிண்டர்? காலையில முதல் ஸ்டார்ட் பண்ண உடனே பாக்கறது ரொம்ப சுலபம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்ல ஒவ்வொரு சிலிண்டர் வாயிலயும் விரல்ல நாலு சொட்டு தண்ணி தெளிங்க. நல்லா எரியற சிலிண்டர்ல ஒரு நிமிஷத்துல ஆவியாயிடும், படுத்த சிலிண்டர்ல ஈரம் அப்படியே நிக்கும். டெம்பரேச்சர் கன் இருந்தா இன்னும் நல்லது, ஆறு வாயையும் வரிசையா சுட்டு நம்பர ஒரு பேப்பர்ல எழுதுங்க. அஞ்சு ஒண்ணா ஏறி ஒண்ணு மட்டும் ரொம்ப கம்மியா இருந்தா ஆளு மாட்டிக்கிச்சு.

அடுத்தது சூடானப்புறம் நட்டு லூஸ் பண்ணிப் பாக்கறது. ஹேண்ட் பிரேக் போட்டு, வீலுக்கு கட்டை வச்சு, நியூட்ரல்ல ஐடில் விடுங்க. நாசில் மேல வர்ற ஹை பிரஷர் பைப் நட்டை ஒவ்வொண்ணா அரை சுத்து லூஸ் பண்ணுங்க, டீசல் கசியும், அந்த சிலிண்டருக்கு டீசல் போறது நின்னுடும். இன்ஜின் சத்தம் மாறி ஆர்பிஎம் இறங்குச்சுன்னா அந்த சிலிண்டர் இதுவர உழைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம், டைட் பண்ணிட்டு அடுத்ததுக்கு போங்க. எதை லூஸ் பண்ணப்ப ஒரு மாத்தமும் தெரியலையோ அதுதான் சும்மா உக்காந்திருக்கற சிலிண்டர். கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, நட்டு மேல துணி சுத்திக்கோங்க, டர்போ மேலயும் மேனிஃபோல்ட் மேலயும் டீசல் வழியாம பாத்துக்கோங்க, சூட்டுல பத்திக்கும். கைய அந்தக் கசிவுக்கு நேரா காட்டவே காட்டாதீங்க.

ஒரு விஷயம் கொட்டை எழுத்துல எழுதி வச்சுக்கோங்க, இந்த நட்டு லூஸ் பண்ற வேலை உங்க மாதிரி பழைய பம்ப் வண்டிக்கு மட்டும்தான். காமன் ரெயில் வண்டில (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்லேருந்து ஹை பிரஷர் டீசல் போற புது மாடல்) இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கறப்ப பைப்ப தொடவே கூடாது. உங்க நாசில் 200, 250 பார்ல தெறக்கும், காமன் ரெயில்ல 1,000 பாருக்கு மேல போகும், அந்தப் பிரஷர்ல மயிரிழை மாதிரி வர்ற டீசல் தோல தொளைச்சுக்கிட்டு உள்ள போயிடும், மேல பாத்தா சின்ன ஊசி குத்து மாதிரிதான் இருக்கும், உள்ள சதையே அழுகி விரல வெட்டற நிலைமைக்கு போகும். அப்படி யாருக்காவது நடந்தா வலி இல்லையேன்னு வீட்டுக்குப் போகாம அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

படுத்த சிலிண்டர் தெரிஞ்சுதா, இப்ப பெரிய செலவு இல்லாத ஒரு வேலை. அந்த நாசிலையும் பக்கத்து நல்ல சிலிண்டர் நாசிலையும் இடம் மாத்திப் போடுங்க. கோளாறு நாசிலோட சேர்ந்து பக்கத்து சிலிண்டருக்கு போச்சுன்னா நாசில்தான் குற்றவாளி, ஒரு நாசிலோட வேலை முடிஞ்சுது. கோளாறு அதே சிலிண்டர்லயே நின்னுடுச்சுன்னா நாசில் நல்லது, கம்ப்ரஷன், வால்வு, இல்ல பம்புல அந்த லைனோட டெலிவரி வால்வு, எலிமெண்ட் (டீசல அமுக்கித் தள்ளற பாகம்) இதெல்லாம் பாக்கணும். பம்ப ஆறு நாசிலோட இறக்கறதுக்கும் இதுக்கும் எவ்ளோ காசு வித்தியாசம்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

நாசில கழட்டறப்ப கீழ இருக்கற காப்பர் வாஷர பாருங்க, இதப் பத்தி நான் நெறைய சொல்லணும், ஏன்னா யாரும் சொல்றதில்ல. பழைய வாஷர் நாசிலோட வராம ஹெட்டு குழிக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும், மேல கரி படிஞ்சு கண்ணுக்கே தெரியாது. மெக்கானிக் புது வாஷர போட்டு இறக்குவாரு, இப்ப ரெண்டு வாஷர், நாசில் மூக்கு அந்த அளவுக்கு மேல தூக்கி நிக்கும், டீசல் பிஸ்டன் குழியில போய் விழ வேண்டிய இடத்துல விழாம ஓரத்துல அடிக்கும், எரியாது, புகை. புது நாசில் போட்டும் புகை போகலன்னு வந்தா நான் முதல்ல டார்ச் அடிச்சு அந்தக் குழியத்தான் பாப்பேன். அதே மாதிரி பழைய வாஷர தட்டித் திருப்பிப் போடறது, அது கேஸ் லீக் ஆகி நாசில சுட்டு டிப்பயே (நாசிலோட முனை) ஜாம் பண்ணிடும். ஆறு வாஷரும் புதுசா, சரியான கனத்துல, ஒண்ணே ஒண்ணுதான் போடணும். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல எதுவும் கிடைக்கும், ஆனா தயவு செஞ்சு நாசில் டிப்ப அங்க பழசு வாங்காதீங்க, பாடி வாங்குங்க பரவால்ல, டிப் புதுசுதான்.

நாசில பம்ப் கடையில டெஸ்டர்ல போடறப்ப நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க. கைப்பிடிய அழுத்தினா கர்ர்ருன்னு ஒரு சத்தத்தோட எல்லா ஓட்டையிலயும் ஒரே மாதிரி பனி அடிக்கணும். ஒரு ஓட்டையில கோடு மாதிரி நீளமா போனாலோ, அடிச்சு முடிச்சப்புறம் மூக்குல சொட்டு தொங்கினாலோ அந்த டிப் வேணாம். பிரஷர் எவ்ளோன்னு உங்க இன்ஜின் புக்குல இருக்கற அளவுக்கு வைக்கச் சொல்லுங்க, முக்கியமா ஆறும் ஒரே அளவுல இருக்கணும், ஒண்ணு 190, ஒண்ணு 240ன்னு இருந்தா ஐடில் எப்படிங்க சமமா ஓடும்?

நாசில் நல்லதுன்னு ஆயிடுச்சுன்னா அடுத்து டாப்பெட், அதாவது வால்வுக்கும் அத அழுத்தற ராக்கருக்கும் நடுவுல விடற இடைவெளி. இத மறந்துட்டு ரிங் போச்சுன்னு முடிவுக்கு வர்றாங்க. டாப்பெட் இடைவெளி இல்லாம டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் லீக் ஆகும், காலையில வெள்ளை, ஐடில்ல குலுக்கல், எல்லா அடையாளமும் அச்சு அசலா வரும். ஃபீலர் கேஜ் எடுத்து இன்ஜின் குளிர்ந்திருக்கறப்ப அரை மணி நேர வேலை. அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், உதாரணத்துக்கு கம்மின்ஸ் 6பிடி இன்ஜின்னா இன்லெட் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.51 மிமீ, உங்க இன்ஜினுக்கு என்னன்னு வால்வு கவர் மேலயோ புக்குலயோ பாத்து வைங்க, கண்ணளவுல வைக்க விடாதீங்க.

ரிங் போச்சான்னு தெரிஞ்சுக்கறதுக்கு இன்ஜின கழட்ட வேணாம். சூடான இன்ஜின் ஐடில்ல ஓடறப்ப ஆயில் ஊத்தற மூடிய தெறங்க. லேசா ஆவி வந்தா சரி. டிரெயின் இன்ஜின் மாதிரி குப்பு குப்புன்னு அடிச்சா அதான் நாம சொல்ற பேக் கம்ப்ரஷன், ரிங் லைனர் தேய்ஞ்சிருக்கு. அதோட ஆயில் குறையணும், லோடுல நீலப் புகை வரணும். உங்க கேள்வில நீலம்னு எங்கயும் சொல்லல, ஆயில் குறையுதுன்னும் சொல்லல. அதனால இன்ஜினே செய்யணும்ங்கற பேச்ச இப்போதைக்கு நான் நம்பல. அப்பவும் சந்தேகம்னா கம்ப்ரஷன் கேஜ் போட்டு ஆறையும் அளக்கச் சொல்லுங்க, ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அப்ப பேசலாம்.

நீலம் பத்தி கேக்காட்டியும் ஒண்ணு சொல்றேன். டர்போல ஆயில் வருதுன்ன உடனே டர்போ மாத்தறாங்க. டர்போலேருந்து ஆயில் கீழ இறங்கற பைப் அடைஞ்சிருந்தாலும், இன்ஜின் பிரீதர் (உள்ள சேர்ற காத்த வெளிய விடற வழி) அடைஞ்சிருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைஞ்சிருந்தாலும் நல்ல டர்போ கூட ஆயில கக்கும். புது டர்போவும் ஒரு வாரத்துல கக்கும். டர்போ ரொம்ப ஆயில் கக்கறப்ப இன்ஜின் அந்த ஆயிலையே டீசல் மாதிரி குடிச்சு ரேஸ் ஆயிடும், டீசல கட் பண்ணாலும் நிக்காது. அப்ப டாப் கியர் போட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டு கிளட்ச விட்டு நிறுத்தப் பாக்கணும், இல்ல காத்து போற வாய பலகை வச்சு அடைக்கணும், கைய வைக்கவே கூடாது, இழுத்துடும்.

உங்க கரும்புகை தனி விஷயமா இருக்கலாம், அத குலுக்கலோட முடிச்சுப் போட வேணாம். ஒரு வண்டில ஒரே நேரத்துல ரெண்டு கோளாறு இருக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல. கரும்புகைன்னா டீசலுக்கு தேவையான காத்து கிடைக்கல. குவாரி வண்டி ஓட்டறீங்க, அந்தத் தூசு மாவு மாதிரி, நெடுஞ்சாலைல ஓடற லாரிக்கு சொன்ன கிலோமீட்டர் கணக்கு உங்களுக்கு ஆகாது. ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர் சிவப்பு காட்டுதான்னு பாருங்க, இண்டிகேட்டரே உடைஞ்சு போயிருந்தா (பாதி டிப்பர்ல அப்படித்தான்) புது ஃபில்டர் போட்டு ஒரு லோடு ஓட்டிப் பாருங்க. கம்ப்ரஸர் காத்த கிட்ட வச்சு ஃபில்டர ஊதாதீங்க, பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அப்புறம் அந்தத் தூசு நேரா லைனருக்குத்தான் போகும், அன்னைக்கு ரிங் போச்சுன்னு சொன்னா நானும் ஆமான்னுதான் சொல்லுவேன். அதுக்கப்புறம் டர்போலேருந்து இன்டர்கூலர், இன்டர்கூலர்லேருந்து மேனிஃபோல்ட் போற ஹோஸ், கிளாம்ப் எல்லாத்தையும் கையால தடவிப் பாருங்க, லீக் இருக்கற எடத்துல எண்ணெய்ப் பிசுக்கோட தூசு அப்பியிருக்கும். லோடுல மட்டும் உஸ்ஸுன்னு சத்தம் வந்து கரும்புகை தள்ளினா தொண்ணூறு பங்கு அந்த ஹோஸ்தான்.

இன்னொரு கேள்விய உங்க முந்தின ஓனர்கிட்ட கேளுங்க, புல்லிங்குக்காக பம்புல டீசல் ஏத்தி வச்சிருக்காங்களா? ஓவர்லோடு அடிக்கற வண்டிக்கு சீல உடைச்சு ஸ்க்ரூவ திருகி விடறது இங்க சாதாரணமா நடக்குது. அப்ப நல்லா இழுக்கும், ஓனருக்கு சந்தோஷம். ஆனா எக்ஸாஸ்ட் சூடு எகிறி பிஸ்டன் தலையும் டர்போவும் உருகற அளவுக்கு போகும். எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) நேரத்துல புகை டெஸ்ட்ல 65 எச்எஸ்யூக்குள்ள (புகை அடர்த்தி அளவு) வரணும் உங்க மாதிரி பழைய வண்டி, அப்ப மட்டும் ஸ்க்ரூவ இறக்கிட்டு வெளிய வந்து ஏத்தறாங்க. அந்தப் புகைய மூச்சு விடறது பின்னாடி டூவீலர்ல குழந்தைய உக்கார வச்சுக்கிட்டு வர்ற நம்ம சனந்தான். இத யார் செஞ்சாலும் எனக்கு ஆகாது, என் ஷெட்ல செய்யச் சொன்னா வண்டிய எடுத்துக்கிட்டு போங்கன்னுதான் சொல்லுவேன்.

டீசல் லைன்ல காத்து பத்தியும் சொல்லணும், ஏன்னா உங்க காலை வெள்ளைப் புகைக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். டேங்க்லேருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கற லைன் இழுக்கற லைன், அதுல ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும். அதனால கீழ காஞ்சு இருக்கே, லீக் இல்லன்னு நெனச்சுடாதீங்க. ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடும், காலையில ஹேண்ட் பிரைமர் (கையால டீசல இழுக்கற பம்ப்) அடிச்சாதான் ஸ்டார்ட் ஆகும், ஆனதும் மிஸ்ஸிங், வெள்ளை. ஃபீட் பம்புக்கு முன்னாடி ஒரு அடி ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்க, காத்துக் குமிழி குமிழியா போச்சுன்னா டேங்க் பக்கம் தேடுங்க.

2019 கோடையில சிட்டி முழுக்க தண்ணி இல்லாம தண்ணி லாரிங்க ராத்திரி பகலா ஓடுச்சில்ல, அப்ப ஒரு தண்ணி லாரி வந்துச்சு. வேற ஒரு கடையில பம்ப் கேலிபரேஷன் ஆயிடுச்சு, ஆறு நாசிலும் புதுசு, ஆனா குலுக்கலும் வெள்ளையும் போகல, அதோட திடீர்னு புல்லிங் செத்துடும், நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா நல்லா ஓடும். ரெண்டு நாள் நானும் சுத்திச் சுத்தி வந்தேன். கடைசில டேங்க் ஹோஸ கழட்டி குறுக்க வெட்டிப் பாத்தா, வெளிய புதுசு மாதிரி இருக்கற ஹோஸ் உள் தோல் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்குது. இஞ்சின் இழுக்கறப்ப அந்த நாக்கு போய் வழிய அடைக்குது, நிறுத்தினா விழுந்துடுது. ஒரு மீட்டர் ஹோஸ், ரெண்டு கிளாம்ப். அந்த ஓனர் பம்புக்கும் நாசிலுக்கும் கொடுத்த காசு அவருக்கு அந்த சீசன்ல ஒரு மாசத்து டியூ. அன்னைலேருந்து ஹோஸ் பழசுன்னா நான் பாக்கறதே இல்ல, மாத்திடறேன்.

டேங்க் மூடிய தெறக்கறப்ப உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா பிரீதர் அடைஞ்சிருக்கு, அதையும் பாருங்க. மழைக் காலத்துல செடிமென்டர் (டீசல்லேருந்து தண்ணிய பிரிக்கறது) கிண்ணத்துல கீழ தண்ணி நிக்குதான்னு வாரம் ஒருதரம் திறந்து விடுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணில நின்ன வண்டிய அப்படியே ஸ்டார்ட் பண்ணி, தண்ணி கலந்த டீசல பம்புக்குள்ள இழுத்து, எலிமெண்ட் துரு புடிச்சுப் போனது எத்தனையோ.

பம்ப இறக்கித்தான் ஆகணும்னு இந்த எல்லா டெஸ்டும் சொல்லிச்சுன்னா இறக்குங்க, வேணாங்கல. ஆனா இறக்கறதுக்கு முன்னாடி டைமிங் மார்க்க போட்டோ எடுத்து வைங்க. திருப்பி ஏத்தறப்ப ஒரு பல் தள்ளி உக்காந்துட்டா ஆறு சிலிண்டரும் சேர்ந்து வெள்ளை தள்ளும், இப்ப இருக்கறத விட பேஜாரா போயிடும்.

உங்க அண்ணன் வண்டி பிஎஸ்6னு கீழ ஒரு வரி கேட்டிருந்தீங்க. அதுல டிபிஎஃப் (எக்ஸாஸ்ட்ல கரியப் புடிச்சு வைக்கற ஃபில்டர்) இருக்கறதால கண்ணுக்குத் தெரியற மாதிரி கரும்புகை வரவே கூடாது, வந்தா டிபிஎஃப் உடைஞ்சிருக்கு இல்ல யாரோ எடுத்துட்டாங்க. குலுக்கலுக்கு ஸ்கேனர் போட்டு சிலிண்டர் பேலன்ஸ் பாக்கணும், இன்ஜெக்டர் ரிட்டர்ன்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டில் கட்டி எது அதிகமா திருப்புதுன்னு பாக்கணும், அதையும் தெரிஞ்ச ஆள வச்சுத்தான்.

நாளைக்கு காலையில வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி தண்ணியும் ஒரு பேப்பரும் எடுத்துக்கிட்டு போங்க. எந்த சிலிண்டர் ஈரமா நின்னுச்சு, நட்டு லூஸ் பண்ணப்ப எதுக்கு சத்தம் மாறல, ஆயில் மூடிய தெறந்தா எவ்ளோ அடிக்குது, இந்த மூணையும் எழுதி போடுங்க, மிச்சத்த அதுக்கப்புறம் சொல்றேன். அது வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.